குடிநீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் செப்டிக் டேங்க்: கர்ப்ப காலத்தில் இந்த வாடகை வீட்டில் இருக்கலாமா?

கேள்வி – 3 நவம்பர் 2024

எனக்கு இது 22ஆவது வாரம். சேலத்தில் கன்னங்குறிச்சிப் பக்கம் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் ஆறு மாதமாகக் குடியிருக்கிறோம். நல்ல தண்ணீர் விழும் நிலத்தடித் தொட்டிக்கும் செப்டிக் டேங்குக்கும் நடுவே நான்கு அடிகூட இடைவெளி இல்லை. மழைக்குப் பிறகு தண்ணீரில் லேசான வாடை வருவதாக எனக்குப் படுகிறது. என் கணவர் அப்படி ஒன்றும் இல்லை என்கிறார். வீட்டுக்காரரிடம் கேட்டால், "பத்து வருஷமா எல்லாரும் இந்தத் தண்ணியத்தான் குடிக்கிறோம், யாருக்கு என்ன ஆச்சு?" என்கிறார். நான் வீணாகப் பயப்படுகிறேனா?

பதில் – 3 நவம்பர் 2024, இரவு 10.40

வீண் பயம் இல்லை. இன்றிரவே அந்தத் தண்ணீரைக் குடிப்பதை நிறுத்திவிடுங்கள். காரணத்தைப் பிறகு படித்துக்கொள்ளலாம்.

2022இல் நாங்கள் அம்மாபேட்டைப் பகுதியில் ஒரு லைன் வீட்டில் இருந்தோம். நான்கு குடித்தனங்களுக்கும் முன்வீட்டில் இருந்த வீட்டுக்காரம்மாவுக்கும் சேர்த்து ஒரே தொட்டி. மேட்டூரிலிருந்து வரும் காவிரித் தண்ணீர் எங்கள் தெருவுக்கு ஐந்து நாளைக்கு ஒரு முறை வரும். வந்த அன்று தொட்டியை நிரப்பிவிட்டு, அடுத்த முறை வரும்வரை அதையே இறைத்துக்கொள்வோம். தொட்டியின் மூடி தரையோடு தரையாக இருந்தது. அதற்கு விளிம்பு கட்டவில்லை. பாத்திரம் துலக்குவதும் துணி அலசுவதும் அந்த மூடியைச் சுற்றித்தான். தொட்டியை ஒட்டியே கழிவறைக் குழாய் செப்டிக் டேங்குக்குப் போனது. இவையெல்லாம் குடிபோன முதல் நாளே என் கண்ணில் பட்டவை. வாடகை எங்கள் கைக்கு அடங்கியதாக இருந்தது, பள்ளிக்கூடம் நடக்கும் தூரத்தில் இருந்தது, ஆகவே பார்த்ததைப் பார்க்காததாக வைத்துக்கொண்டேன்.

தீபாவளி முடிந்து மூன்றாவது வாரம் எனக்குக் காய்ச்சல் வந்தது. சோறு என்றாலே குமட்டியது. ஏழாம் மாதத்தில் மசக்கை திரும்பி வந்திருக்கிறது என்று அக்கம்பக்கத்தார் சொன்னார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். ஐந்து நாள் கழித்துச் சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போயிற்று. மறுநாள் காலை வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டு அக்கா என் முகத்தை வெயிலுக்குத் திருப்பி, கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "கண்ணு, உள்ள போய்த் துணி எடுத்து வை, ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்றார். அந்த ஒரு சொல்லுக்கு நான் இன்றும் கடன்பட்டிருக்கிறேன்.

அது ஹெபடைடிஸ் ஈ. மலம் கலந்த தண்ணீரால் பரவும் கல்லீரல் அழற்சி. மற்றவர்களில் பெரும்பாலோர் சில வாரங்களில் தாமாகவே தேறிவிடும் இந்த நோய், கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் வந்தால் 20 முதல் 25 சதவீதம் வரை உயிரிழப்பு நேரலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ரத்தத்தில் மஞ்சள் காமாலையின் அளவைக் காட்டும் பிலிருபின் 11 வரை போயிற்று. ஒன்பது நாள் மருத்துவமனையில் இருந்தேன். மீதியை நாளைக்கு எழுதுகிறேன்.

4 நவம்பர் 2024, காலை

கர்ப்பமாக இருக்கும் ஒருவருக்கு அந்தச் சதவீதக் கணக்கை இரவு பதினொரு மணிக்கு எழுதியிருக்கக் கூடாது. நீங்கள் தூங்கவில்லை என்று எழுதியிருப்பதைப் பார்த்தேன்; மன்னித்துக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கு தொற்று வந்தவர்களுக்கானது. உங்களுக்குத் தொற்று வந்திருப்பதற்கான அறிகுறி எதையும் நீங்கள் சொல்லவில்லை.

ஆனால் எவற்றைப் பார்த்தால் காத்திருக்கக் கூடாது என்பதைச் சொல்லிவிடுகிறேன்: சிறுநீர் அடர்ந்த நிறத்தில் போவது, கண் வெள்ளை மஞ்சளாவது, நிற்காத வாந்தி, உள்ளங்கையிலும் பாதத்திலும் அரிப்பு, பல் ஈறில் ரத்தம், வழக்கத்துக்கு மாறான தூக்கம் அல்லது பேச்சுத் தடுமாற்றம், குழந்தையின் அசைவு குறைவது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே பிரசவ மருத்துவரிடம் போய்விடுங்கள். அரிப்பும் மஞ்சளும் வேறு கர்ப்பக்காலக் கல்லீரல் கோளாறுகளாலும் வரலாம். அவையும் காத்திருக்கக் கூடியவை அல்ல.

5 நவம்பர் 2024

பழைய கோப்பை எடுத்துப் பார்த்தேன். இரண்டு திருத்தங்கள். பிலிருபின் 11 அல்ல, மிகுதியாக இருந்த நாளில் 8.4. பயம் அதை ஏற்றி வைத்திருந்திருக்கிறது. அடுத்து, ஏழாம் மாதம் என்று எழுதினேன். சேர்த்தபோது சரியாக 30 வாரம், அதாவது எட்டாம் மாதம் தொடங்கிவிட்டிருந்தது. வளைகாப்புக்கு நாள் குறித்து, பிறகு தள்ளிவைத்ததால் மாதம் மனத்தில் அப்படியே நின்றுவிட்டது.

மருத்துவர் பிலிருபினைவிட வேறு ஓர் எண்ணைத்தான் தினமும் கேட்டார். ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். கல்லீரல் தளர்ந்தால் ரத்தத்தை உறையச் செய்யும் புரதங்கள் குறைந்து அந்த எண் ஏறும். எனக்கு முதல் நாள் 1.3, மூன்றாம் நாள் 1.6. அன்றிரவுதான் என் கணவரைத் தனியாக அழைத்துப் பேசினார்கள். அன்றிரவே வயிறு இறுகி இறுகி விட்டது. முப்பதாவது வாரத்தில் பிரசவம் ஆகிவிடலாம் என்று, குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்கான ஊசியைப் போட்டார்கள். ஐந்தாம் நாள் 1.4க்கு இறங்கியது. இந்த நோய்க்குக் கர்ப்பிணிக்குக் கொடுக்கக்கூடிய தனி மருந்து கிடையாது. நீர்ச்சத்து, கண்காணிப்பு, காத்திருத்தல் இவைதாம்.

கீழாநெல்லி பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். என் மாமியார் அன்பினால் அதை அரைத்து மோரில் கலந்து மருத்துவமனைக்கே கொண்டுவந்தார். மருத்துவர் கடிந்துகொள்ளவில்லை. "அம்மா, இப்ப அந்தக் கல்லீரல் எந்த மூலிகையையும் தாங்காது, வீடு திரும்பின பிறகு பேசுவோம்" என்றார். எனக்கு இன்று தோன்றுவது, கீழாநெல்லி கெடுதலா என்பதைவிட, ஊரில் மஞ்சள் காமாலைக்கு மருந்து கொடுக்கும் இடத்துக்கு மூன்று நாள் போய்வருகிறோம் என்று கழியும் அந்த மூன்று நாட்களே பெரிய ஆபத்து என்பதுதான். காய்ச்சலுக்கு நான் விழுங்கிய பாராசிட்டமால் எத்தனை என்றும் துருவிக் கேட்டார்கள், கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

6 நவம்பர் 2024

உங்கள் வீட்டுக்காரர் சொன்ன வாசகத்துக்கே திரும்பி வருகிறேன், ஏனென்றால் என்னை ஏறக்குறைய முடித்துவிட இருந்தது அதுதான். "எல்லாரும் இதைத்தான் குடிக்கிறோம், யாருக்கு என்ன ஆச்சு?"

எங்கள் லைனில் என்னைத் தவிரப் பத்தொன்பது பேர் அந்தத் தண்ணீரைக் குடித்தார்கள். மஞ்சள் கண்டது எனக்கு மட்டும். நான் மருத்துவமனையில் இருந்தபோதே, தண்ணீரில் குற்றம் இருந்தால் மற்றவர்களுக்கு ஏன் வரவில்லை, இவள் தீபாவளிக்குப் பிறகு போன கல்யாணச் சாப்பாட்டில்தான் ஏதோ இருந்திருக்கிறது என்று பேச்சு வந்தது. எனக்கும் சில நாள் அதில் நம்பிக்கை இருந்தது. பிறகு மருத்துவர் நாட்காட்டியை எடுத்துக் காட்டினார். இந்தக் கிருமி உடலுக்குள் வந்து நோயாக வெளிப்பட 2 முதல் 10 வாரம் ஆகும். கல்யாணம் நடந்தது காய்ச்சலுக்கு எட்டே நாள் முன்பு. எண்ணிக்கொண்டே பின்னால் போனால் செப்டம்பர், அக்டோபர் மழை நாட்களில் போய் நிற்கிறது; அந்த வாரங்களில்தான் முற்றத்தில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்று தொட்டி மூடியின் மேல் ஓடியது.

மற்றவர்களுக்கு வரவில்லை என்பதும் சரியல்ல. குழந்தைகளுக்கு இது வந்தாலும் பெரும்பாலும் வெளியே தெரியாது. பெரியவர்களிலும் பலருக்கு இரண்டு நாள் அசதியோடு போய்விடும். ஏற்கெனவே ஒரு முறை வந்து போனவர்களுக்கு ஓரளவு எதிர்ப்பும் இருக்கும். நான்காவது வீட்டு அண்ணன் அக்டோபர் கடைசியில் பத்து நாள் தறிக்குப் போகாமல் "வாயெல்லாம் கசப்பு" என்று படுத்திருந்தார். யாரும் ரத்தம் எடுத்துப் பார்க்கவில்லை. பத்தொன்பது பேரின் உடல் தாங்கிக்கொண்டதை இருபதாவது உடல் தாங்காமல் போவதற்குக் கர்ப்பம் ஒன்று போதும். வீடு பத்து வருடமாக அப்படியே இருக்கலாம். குடியிருப்பவள் பத்து மாதம் வேறொருத்தியாக இருக்கிறாள்.

9 நவம்பர் 2024

தண்ணீரைச் சோதிப்பது பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். எங்களுக்குக் கிடைத்த எளிய வழி, ஹைட்ரஜன் சல்பைடு குப்பி என்று சொல்லப்படும் சிறு கண்ணாடிக் குப்பி. கோடு வரை தண்ணீரை ஊற்றி மூடி, அறை வெப்பத்தில் 24 முதல் 48 மணி நேரம் வைக்க வேண்டும். மலத்தொடர்புள்ள பாக்டீரியா இருந்தால் தண்ணீர் கறுத்துவிடும். முறையான அறிக்கை வேண்டுமென்றால் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் செலுத்திக் கொடுக்கலாம். குடிநீருக்கான இந்தியத் தர அளவு ஐ.எஸ். 10500, 100 மில்லி தண்ணீரில் கோலிஃபார்ம் என்ற பாக்டீரியா ஒன்றுகூடத் தென்படக் கூடாது என்கிறது. "கொஞ்சம்தான் இருக்கிறது" என்ற நிலையே அதில் இல்லை.

எங்கள் குப்பி பதினெட்டு மணி நேரத்தில் கறுத்தது. கணவர் அதை ஒரு கைக்குட்டையில் சுற்றி எடுத்துப்போய் வீட்டுக்காரம்மாவின் திண்ணையில் வைத்தார்.

10 நவம்பர் 2024

நேற்றைய குறிப்பில் ஒரு முக்கியமான குறை. குப்பி கறுத்தால் தண்ணீர் கெட்டது. கறுக்காவிட்டால் நல்லது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. குப்பி காட்டுவது பாக்டீரியாவை. ஹெபடைடிஸ் ஈ ஒரு வைரஸ்.

இதற்கு நம் நாட்டிலேயே பெரிய சான்று இருக்கிறது. 1955–56இல் டில்லியில் யமுனை வெள்ளத்துக்குப் பிறகு நகரக் குடிநீர் எடுக்கும் இடத்தில் சாக்கடை கலந்துவிட்டது. குளோரினைக் கூட்டிப் போட்டார்கள். டைஃபாய்டு பெருகவில்லை, ஆனால் ஏறத்தாழ 29,000 பேருக்கு மஞ்சள் காமாலை வந்தது. சேமித்து வைத்திருந்த ரத்த மாதிரிகளைப் பல ஆண்டுகள் கழித்துச் சோதித்தபோதுதான் அது ஹெபடைடிஸ் ஈ என்று தெரிந்தது. ஆகவே பிளீச்சிங் பவுடர் போட்டுவிட்டோம், குப்பியும் தெளிவாக இருக்கிறது என்று உங்கள் வீட்டுக்காரர் சொன்னாலும், சாக்கடை நுழையும் வழி அடைபடாத வரை அந்தத் தொட்டியை நம்பாதீர்கள்.

13 நவம்பர் 2024

டி.டி.எஸ். கருவியை முக்கிப் பார்த்தால் 180 காட்டுகிறது, நல்ல தண்ணீர்தானே என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அந்தக் கருவி கரைந்த உப்பை அளக்கிறது. சாக்கடை ஒரு குவளை கலந்தாலும் அந்த எண் பெரிதாக அசையாது. எங்களிடமும் அது இருந்தது. நானும் அதை நம்பினேன்.

கொதிக்க வைத்தால் போதுமா என்ற கேள்விக்கு: தளதளவென்று கொதி வந்தபின் ஒரு நிமிடமாவது விட்டு இறக்கினால் குடிப்பதற்குப் போதும். ஆனால் நான் குடிப்பதற்குக் கொதிக்க வைத்த தண்ணீரைத்தான் பயன்படுத்தினேன்! மருத்துவர் என் ஒரு நாளை விடிந்ததிலிருந்து சொல்லச் சொன்னார். பல் துலக்கியது தொட்டித் தண்ணீரில். கொத்தமல்லித் தழையும் வெள்ளரிக்காயும் அலசியது அதில். கொதிக்க வைத்த தண்ணீரை ஊற்றிவைத்த குடத்தைக் கழுவியது அதில். சட்னி அரைத்தபின் மிக்ஸி ஜாரை அலசி அந்தத் தண்ணீரைச் சட்னியிலேயே ஊற்றுவது நம் வீடுகளில் எல்லோரும் செய்வதுதான். சொல்லிக்கொண்டே வந்தபோது என் குரல் தானாக நின்றுவிட்டது.

17 நவம்பர் 2024

கோளாறு எங்கே என்று எப்படிக் கண்டுபிடித்தோம் எனக் கேட்டிருந்தீர்கள். நாங்கள் எல்லோரும் செப்டிக் டேங்கின் சுவரைத்தான் சந்தேகித்தோம். குழாய் வேலை செய்பவர் வந்து, கழிவறைப் பீங்கானில் கோலத்துக்குப் போடும் சிவப்புக் கலர்ப் பொடியைக் கரைத்து ஊற்றி நான்கைந்து வாளித் தண்ணீர் விட்டார். அன்று மாலை வரை தொட்டியில் ஒன்றும் இல்லை. வீட்டுக்காரம்மா முகத்தில் நிம்மதி. மூன்றாம் நாள் அதிகாலை மழைக்குப் பிறகு மூடியைத் திறந்தபோது, தொட்டியின் வடக்குச் சுவரில், தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில், வெற்றிலைச் சாறு வழிந்தது போல ஒரு கீற்று இருந்தது. தோண்டினால், கழிவறையிலிருந்து வரும் நான்கு அங்குலக் குழாயின் இணைப்பு விட்டுப்போயிருந்தது. தொட்டிச் சுவரின் உட்பூச்சும் அதே இடத்தில் பெயர்ந்திருந்தது. மண் வறண்டிருந்தபோது கசிவை அது குடித்துக்கொண்டது. மழையில் ஊறியபின் தொட்டிக்குள் தள்ளியது.

அந்த அம்மா பேசாமல் உட்கார்ந்துவிட்டார். அவரை நான் அப்போது வெறுத்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. இப்போது அதே அளவுக்கு வெறுக்க முடியவில்லை. கணவர் இறந்தபின் பட்டுத் தறியில் உழைத்துச் சேர்த்த பணத்தில் கட்டிய நான்கு அறைகள் அவை. கொத்தனார் எங்கே தொட்டி, எங்கே குழி என்று சொன்னாரோ அங்கே வெட்டினார்கள். அவரும் அந்தத் தண்ணீரைத்தான் குடித்தார். ஆனாலும் ஜூலையிலேயே இரண்டாவது வீட்டு அக்கா வாடை வருகிறது என்று சொன்னபோது "மழைக்காலம் முடியட்டும் சாமி" என்று தள்ளிப்போட்டார். அந்தத் தள்ளிப்போடலை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

எங்கள் பங்கும் இருக்கிறது. தெருவில் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் நல்ல தண்ணீர்க் குழாயில் நேரடியாக மோட்டார் போட்டு உறிஞ்சினோம், எங்கள் லைனிலும்தான். அப்படி உறிஞ்சும்போது குழாயில் எங்காவது ஓட்டை இருந்தால் சுற்றியிருக்கும் சாக்கடையும் சேர்ந்து உள்ளே வரும். நம் வீட்டு மோட்டார் பக்கத்துத் தெருக் கர்ப்பிணிக்கு என்ன கொண்டுபோகிறது என்று நான் அதுவரை எண்ணியதில்லை.

24 நவம்பர் 2024

உங்கள் குப்பி கறுத்ததையும், உங்கள் வீட்டுக்காரர் "அதெல்லாம் மருந்து வித்தை" என்று சொன்னதையும் படித்தேன். இனி வாய்ப்பேச்சு வேண்டாம், எழுதிக் கொடுங்கள். தமிழ்நாட்டில் 2017ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் 22 பிப்ரவரி 2019 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் அட்டவணைப்படி கட்டமைப்புப் பழுதும், தேவைப்படும்போது குழாய்களை மாற்றுவதும் வீட்டு உரிமையாளர் பொறுப்பு. குழாய் வாஷர் மாற்றுவது போன்ற சில்லறை வேலைகள் குடியிருப்பவர் பொறுப்பு. பழுது பார்க்காமல் குடியிருக்கவே முடியாத வீடு என்றால், எழுத்தில் கேட்டும் உரிமையாளர் மறுத்தபின், 15 நாள் அறிவிப்பு கொடுத்து வெளியேறவும் வாடகை நீதிமன்றத்தை நாடவும் அது வழி தருகிறது. தொட்டிக்கும் குழிக்கும் நடுவே அளவு நாடாவை வைத்து ஒரு படம், கறுத்த குப்பியின் படம், தேதி போட்ட கடிதம், பதிவுத் தபால். நாங்கள் இவற்றில் எதையும் செய்யாததால் அட்வான்ஸ் பணத்தில் பாதியைத் திரும்பப் பெற ஏழு மாதம் அலைந்தோம்.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். சட்டத்தின் நாள் கணக்கு வேறு, வயிற்றின் நாள் கணக்கு வேறு. கடிதம் அதன் பாட்டுக்குப் போகட்டும். உங்களுக்குப் போக ஓர் இடம் இருந்தால் இப்போதே போய்விடுங்கள்.

1 டிசம்பர் 2024

உங்கள் வீட்டுக்காரர் குழியைச் சுத்தம் செய்ய இரண்டு ஆட்களை வரச்சொல்லியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். லாரியும் உறிஞ்சு குழாயும் இருந்தால் சரி. ஆட்களை உள்ளே இறக்கப்போகிறார் என்றால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள். பாதுகாப்பில்லாமல் குழிக்குள் மனிதரை இறக்குவது, மனிதக் கழிவை மனிதரே அகற்றுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அதைவிட, அங்கே இருக்கும் வாயு ஒரு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். எங்கள் வீட்டில் வந்தவர்களில் ஒருவருக்கு இருபது வயதுகூட இருக்காது. என் கணவர் வாசலில் குறுக்கே நின்றுகொண்டார். என் குழந்தைக்காக இன்னொருத்தி பெற்ற பிள்ளையை அங்கே இறக்க முடியாது.

இணைப்பை அடைத்து, தொட்டியை முழுவதும் இறைத்துத் தேய்த்துக் கழுவி, உட்பூச்சு மாற்றியபின் தண்ணீரை நிரப்பி, 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் என்ற கணக்கில் வாளியில் கரைத்துத் தெளியவிட்டு, மேல்தெளிவை மட்டும் ஊற்றி ஒரு மணி நேரம் விட வேண்டும். மூடிக்குத் தரையிலிருந்து ஓர் அடியாவது விளிம்பு எழுப்பச் சொல்லுங்கள்.

8 டிசம்பர் 2024

வாழப்பாடியில் அம்மா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள் என்பதைப் படித்ததும் அடுப்பில் இருந்ததை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். அங்கே கிணற்றுத் தண்ணீர் என்கிறீர்கள். பிறந்த வீட்டுக் கிணறு என்பதால் விட்டுவிடாதீர்கள். அதிலும் ஒரு குப்பி எடுங்கள், குடிப்பது எப்படியும் கொதித்ததாகவே இருக்கட்டும்.

குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்ட பலருக்கும்: 36ஆவது வாரத்தில், டிசம்பர் கடைசியில் பிறந்தாள். 2.1 கிலோ. தாயிடமிருந்து தொற்று போகலாம் என்பதால் அவளுக்கும் ரத்தம் எடுத்தார்கள். அந்தச் சின்னக் குதிகாலில் ஊசி குத்தியதை நான் பார்க்கவில்லை, கணவர்தான் பிடித்துக்கொண்டிருந்தார். தொற்று இல்லை. இப்போது இரண்டு வயதாகப்போகிறது. தண்ணீர்க் குடத்தைக் கண்டால் கையை விட்டு அளைகிறாள்.

நீங்கள் அந்தத் தண்ணீரைக் கடைசியாகக் குடித்தது நவம்பர் 3 என்று எடுத்துக்கொண்டால், பத்து வாரம் ஜனவரி 12ஆம் தேதி முடிகிறது. அதுவரை தினமும் காலையில் வெளிச்சத்தில் நின்று, கண்ணாடியில் கண்ணின் வெள்ளையைப் பாருங்கள்; அம்மாவையும் பார்க்கச் சொல்லுங்கள். அடுத்த பரிசோதனையில் இந்தத் தொட்டிக் கதையை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள், அவர் கேட்காவிட்டாலும். 13ஆம் தேதி போகி. அன்று வீட்டு வேலை எவ்வளவு இருந்தாலும் இங்கே ஒரு வரி எழுதிவிடுங்கள், தங்கை. நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.